கொம்பையா தங்கச்சி

புரட்டாசி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அளத்தங்கரையில் இருந்த சாமான்கள் அத்தனையிலும் பேர் வெட்டியிருந்தது. சில்வர் தூக்கிலும் குடத்திலும் பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்களே, அதே எழுத்துத்தான்; ஆனால் குடத்தோடு நிற்காமல் சீப்பில், செருப்பின் அடியில், குடைப்பிடியில், உப்பு வாருகிற பலகையில், தலையணையில், பாதி கரைந்த சோப்புக்கட்டியில், கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒண்டிக்கிடந்த அந்த ஊரின் இருநூற்றுப் பதினோரு வீடுகளிலும் ஒரு ஊசியைக்கூட விடாமல் பேர் விழுந்திருந்தது.

ஊர் பெரிதாக அலறவில்லை. பேர்வெட்டி எபனேசரின் குறும்பு என்று நினைத்து நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனார்கள். முப்பது வருஷம் பாத்திரக்கடையில் பேர் வெட்டிய மனுஷன், மிஷினைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டு ஆறு மாதமாகிறது என்று இறக்கிக் காட்டினார். காட்டிய மிஷினிலும் அவர் பேர் இருந்தது. சரி, மழைக்கு முந்தி ஈசல் வருகிற மாதிரி இதுவும் வந்திருக்கிறது என்று எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி அவரவர் சாமானைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

மத்தியானத்துக்குள் அதன் முறை பிடிபட்டது. வாங்கியவர் பேர் அதில் இல்லை, பூட்டி வைத்திருப்பவர் பேரும் இல்லை. பொருள் உண்மையில் யாருடையதோ அவர் பேர். அதிலும் ரேஷன் கார்டில் இருக்கிற பேர் இல்லை, அந்த ஆள் தன் மனசுக்குள் தன்னை என்னவென்று நினைத்துக்கொள்கிறாரோ அந்தப் பேர். ஊர்க்கமிட்டித் தலைவர் சிவனணைஞ்சானின் கைக்கடிகாரத்தில் 'குண்டுப்பயல்' என்று இருந்தது. போலீஸ் ஏட்டையாவின் லத்தியில் 'அம்முக்குட்டி' என்று இருந்தது. இரண்டு நாள் ஊர் சிரித்தது. மூன்றாம் நாள் மூத்த மருமகளின் பீரோவில் இருந்த பட்டுச்சேலையில் இளையவள் பேரைப் பார்த்ததும், கோயில் மணியில் பக்கத்து ஊர் அம்மன் பேரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. புளி போட்டுத் தேய்த்தார்கள், சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், அரம் வைத்து ராவினார்கள். மறுநாள் விடியும்போது புள்ளிகள் இன்னும் ஆழமாக விழுந்திருந்தன. பிறகு ஊர் அதற்குப் பழகியது. விருந்தாளி வந்தால் தட்டு வைக்காமல் இலை போட்டார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளையின் செருப்பைப் புரட்டிப் படித்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றினார்கள்.

பால்வாடி டீச்சர் மரகதம் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சோறு கிண்ட அகப்பையை எடுத்தபோது காம்பில் 'இசக்கி' என்று இருந்தது. ஒரு தடவை படித்தாள். அடுப்பில் சோறு குழைய ஆரம்பித்த பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பதினெட்டு வருஷமாக ஒருத்தரும் கூப்பிடாத பேர்.

"ஏட்டி, என் டிபன்பாக்ஸ்ல தவசின்னு வெட்டியிருக்கு பாரு!" என்று வாசலில் இருந்து அவள் புருஷன் தவசிமுத்து சத்தம் போட்டான். உப்பு லாரி ஓட்டுகிறவன்; எதையும் சந்தோஷமாகத்தான் சொல்லுவான். "ஒன் சாமான்ல என்ன போட்டிருக்கு?"

"என் பேருதான். வேற என்ன இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அகப்பையை அரிசிப்பானைக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தாள்.

அவள் பிறந்தபோது வைத்த பேர் இசக்கித்தாய். பதினைந்து வயதில் தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் அடிக்கிற அடியில் ஒரு காது மந்தமான பிறகு, பத்தொன்பதாவது வயதில், கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறி, தீப்பெட்டி ஆலைகள் இருக்கிற ஒரு ஊருக்கு ஓடிவந்தாள். அங்கே ஒரு பத்தடி அறையைப் பகிர்ந்துகொண்டவள்தான் மரகதம். அநாதை விடுதியில் வளர்ந்து பத்தாவது தேறியவள், அளத்தங்கரையில் பால்வாடி வேலைக்கு உத்தரவு வந்து, சேர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கையில், மஞ்சள்காமாலையில் படுத்தாள். ஆஸ்பத்திரியில் உயிர் போனது. செத்தவள் பேர் என்ன என்று கேட்டபோது இசக்கியின் வாயில் தன் பேர்தான் வந்தது. அது பயத்தில் வந்ததா, யோசித்து வந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்கே தெரியாது. மாமன் இரண்டு தடவை அந்த ஊர் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் தேடி வந்திருந்தான். இசக்கித்தாய் செத்துப்போனாள் என்று ஏட்டில் ஏறியதும் அவன் தேடுவதை விட்டான். மரகதத்தின் தகரப்பெட்டியையும் சர்டிபிகேட்டையும் உத்தரவையும் எடுத்துக்கொண்டு இசக்கி இங்கே வந்தாள், டீச்சரானாள், தவசிமுத்துவைக் கட்டினாள். பிள்ளை பிறக்கவில்லை, ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் அவள் மடியில்தான் 'அ' எழுதின.

இப்போது வீட்டில் அவள் தொட்டுப் புழங்கிய ஒவ்வொன்றும் 'இசக்கி, இசக்கி' என்றது. ஊர் உண்டு மயங்கிக் கிடக்கிற உச்சிவெயிலில் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, கைவிடப்பட்ட உப்பளத்துக்குப் போய் சேற்றில் புதைத்துவிட்டு வந்தாள். புது அகப்பை வாங்கினாள். ஒரு ராத்திரி கழிந்து விடிந்ததும் அதிலும் 'இசக்கி'. சீப்பு வாங்கினாள், அதிலும். ஒரு வாரத்தில் மூன்று சாக்கு போயிற்று. தவசிமுத்து கரண்டியைத் தேடினால் பால்வாடிக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள், பால்வாடி ஆயா தேடினால் வீட்டில் இருக்கிறது என்றாள், தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று விழித்தே கிடந்தாள்.

இதற்கிடையில் சாமான் சண்டைகள் முற்றிக் கமிட்டி கூடியது. சிவனணைஞ்சான் தீர்ப்புச் சொன்னார்: தெருத் தெருவாக எல்லா வீட்டுச் சாமானையும் ஊர் முன்னால் படித்து எழுதிவிட வேண்டும். வீட்டில் ஒவ்வொரு ஆளும் தன் சாமான் ஐந்தை வாசலில் வைக்க வேண்டும், ஆறாவதைப் பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே போய்த் தானாக எடுத்து வருவாள். புள்ளியெழுத்தைத் தடவியே படிக்கிற எபனேசர் வாசிப்பார். மறுக்கிற வீட்டோடு ஊருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

வாசிப்புத் தொடங்கிய மூன்றாவது நாளே ஒரு வீடு பூட்டிக்கொண்டது. தையல்காரி பூமயில் தனியாக இருக்கிறவள்; அவள் கத்தரிக்கோலைத் தடவி எபனேசர், "ராசையா பெண்டாட்டி" என்று உரக்கப் படித்துவிட்டார். ராசையாவின் பெண்டாட்டி கூட்டத்தில் இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். அன்று சாயங்கால பஸ்ஸில் போன பூமயில் திரும்பவில்லை. எபனேசர் அதற்கப்புறம் இரண்டு நாள் சோறு தின்னவில்லை என்று சொன்னார்கள். ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. பாதியில் நிறுத்தினால் மிச்சப் பேருக்கு என்ன மறைக்க இருக்கிறது என்று ஊர் கேட்கும் என்றார் சிவனணைஞ்சான்.

டீச்சர் தெருவுக்கு வெள்ளிக்கிழமை என்று தண்டோரா போட்டபோது இசக்கிக்குத் தகரப்பெட்டி ஞாபகம் வந்தது. பரணில் இருந்து இறக்கித் திறந்தாள். செத்தவளின் மரச்சீப்பு, கைக்கண்ணாடி, தம்ளர், பவுடர் டப்பா. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் 'மரகதம்' என்றே இருந்தது. பொருளுக்கு ஆள் செத்த சேதி போய்ச் சேரவில்லை. இசக்கி தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். தப்பித்தாயிற்று. பிறகு பெட்டியின் மூடியைச் சாத்தும்போதுதான் அதில் நீளமாக ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள்: 'கொம்பையா தங்கச்சி மரகதம்'.

கூடவே படுத்து, கூடவே தின்று, ஒரே சோப்பில் குளித்த இரண்டு வருஷத்தில் மரகதம் அப்படி ஒரு பேரைச் சொன்னதே இல்லை.

வெள்ளிக்கிழமை தெரு நிறைய ஆள். இசக்கி நாலு சாமானையும் பெட்டியையும் வாசலில் வைத்தாள். பெட்டியில்லாமல் ஐந்து சேரவில்லை. எபனேசர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். "மரகதம். மரகதம். மரகதம். மரகதம்." பெட்டிக்கு வந்ததும் விரல் தயங்கியது. "கொம்பையா தங்கச்சி மரகதம்."

கூட்டம் கலகலத்தது. "டீச்சருக்கு அண்ணன் இருக்காரா? யாருமே இல்லன்னுல்லா சொன்னிய!" என்று சண்முகக்கனி மதினி கேட்டாள். தவசிமுத்து பெண்டாட்டியைப் பார்த்தான். "சின்னதுலயே தொலைஞ்சி போயிட்டான்" என்றாள் இசக்கி. அது பொய்யா நிஜமா என்று சொல்லும்போது அவளுக்குத் தெரியவில்லை.

"ஆறாவது சாமான்" என்றார் சிவனணைஞ்சான்.

சண்முகக்கனி மதினிதான் பக்கத்து வீடு. அவள் உள்ளே போனாள். வெளியே நின்ற இசக்கிக்கு உள்ளே ஒவ்வொரு காலடியும் கேட்டது. அடுப்படிக்குப் போகிறாள், குனிகிறாள், எதையோ நகர்த்துகிறாள். எல்லாவற்றையும் புதைத்தவள் இட்லிக்கு மாவாட்டுகிற குழவியை மறந்திருந்தாள். மதினி குழவியைத் தூக்கமாட்டாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து எபனேசர் முன்னால் வைத்தாள்.

எபனேசர் தடவினார். ஒரு தடவை. திரும்ப ஒரு தடவை. கண்ணைத் திறந்து இசக்கியின் முகத்தைப் பார்த்தார். அவள் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. அவள் ஓட முடியாத மாதிரி ஜனம் சுற்றி நின்றது.

"என்னவே இவ்வளவு நேரம்?" என்றார் சிவனணைஞ்சான்.

"கல்லுல புள்ளி சரியா விழல" என்றார் எபனேசர். பிறகு, "மரகதம்" என்று படித்தார். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கூட்டம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அவர் மட்டும் எழுந்திருக்காமல் குழவியின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அளத்தங்கரைச் சேதி ஜில்லா தாண்டிப் போய், பத்திரிகைக்காரர்கள் கமிட்டி நோட்டை அப்படியே வாங்கி அச்சடித்தார்கள். தொலைந்ததைத் தேடுகிறவர்கள் எல்லாம் ஊருக்கு வர ஆரம்பித்தார்கள். தொலைந்த சைக்கிளை, தாலியை, ஓடிப்போன மகனைத் தேடி. கார்த்திகை பிறந்து நாலாம் நாள், காலை பத்து மணிக்கு, பால்வாடி வாசலில் மஞ்சள் பையோடு ஒரு ஆள் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டையின் பித்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார்.

"மரகதம் இங்கதான..." என்றார். "நான் கொம்பையா."

அவர் பின்னாலேயே பாதி ஊர் வந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டதுமே சேதி பரவி, சண்முகக்கனி மதினி ஆரத்தித் தட்டோடு நின்றாள், சிவனணைஞ்சான் தன் தீர்ப்பால் அல்லவா இது நடந்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாலையோடு நின்றார், லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுத் தவசிமுத்து ஓடிவந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இசக்கி ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். அதை இறக்கிவிடத் தோன்றவில்லை.

"அடையாளம் தெரியலயா தாயி? எப்படித் தெரியும். ஒனக்கு அப்பம் ஏழு வயசு" என்றார் கொம்பையா. மஞ்சள் பையில் இருந்து பழைய ரேஷன் கார்டை எடுத்தார். "ஒம் பேரை இன்னும் நீக்கல பாரு. ஒவ்வொரு தடவ புதுசு மாத்தும்போதும் ஆள் எங்கன்னு கேப்பாங்க. வெளியூர்ல படிக்கான்னு சொல்லுவேன். இப்பம் ரேஷன்கடைக்காரன் சிரிக்கான், நாப்பது வயசு ஆளு என்ன படிக்கான்னு."

கூட்டம் சிரித்தது. ஒரு வார்த்தை போதும். 'அண்ணே' என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த ஆள் நிம்மதியாக ஊருக்குப் போவார், தவசிமுத்துவுக்கு மச்சான் கிடைப்பான், இசக்கித்தாய் செத்தவளாகவே கிடப்பாள், மாமன் எங்கே இருந்தாலும் அங்கேயே இருப்பான். அவள் வாயைத் திறந்தாள். சொல்லியிருப்பாள்.

கொம்பையா அதற்குள் கீழே உட்கார்ந்துவிட்டார். பால்வாடி மணலில், பிள்ளைகள் நடுவே, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு.

"அம்மா செத்து எட்டாம் நாள் ஒன்ன விடுதி வாசல்ல விட்டுட்டு, சாயங்காலம் வாரேன்னு சொல்லிட்டுப் போனேன். நீ பாவாடையப் புடிச்சிக்கிட்டு நின்ன. செங்கல் சூளைக்குக் கூட்டிட்டுப் போனவன் ஆறு வருஷம் விடல. வந்து பாத்தா விடுதியே அங்க இல்ல, எந்த ஊருக்கு மாத்துனாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. எல்லாம் சொல்லலாம், ஆனா நான் வரல, அதான நெசம். வேற ஒண்ணும் வேண்டாம் தாயி. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் போயிருதேன்."

 பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். "சொல்லுங்க டீச்சர்" என்றார் சிவனணைஞ்சான்.

பதினெட்டு வருஷமாக அந்தப் பேரில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள், அந்தப் பேரில் சம்பளம் வாங்கியிருந்தாள், தாலி கட்டிக்கொண்டிருந்தாள், அந்தப் பேரைச் சொல்லிக் கோயிலில் அர்ச்சனை செய்திருந்தாள். மன்னிப்பு மட்டும் அந்தப் பேரில் கொடுக்க முடியவில்லை. அது அவளிடம் இல்லை. பெட்டியில், சீப்பில், தம்ளரில் எங்கேயும் இல்லை. அதை வைத்திருந்தவள் அதோடு போய்விட்டாள்.

பிள்ளையை இறக்கிவிட்டாள்.

"நான் மரகதம் இல்ல அண்ணாச்சி" என்றாள். "எம் பேரு இசக்கி. ஒங்க தங்கச்சி செத்துப் போயிட்டா. பதினெட்டு வருஷமாச்சி. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

மீதியையும் நின்றபடியே சொன்னாள். மாமன் அடித்த அடி, மந்தமான காது, ஆஸ்பத்திரி, பெட்டி, உத்தரவு, தன் பேரில் எழுதிய சாவு எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்கிற மாதிரி. சொல்லி முடித்தபோது ஆரத்தித் தட்டில் கற்பூரம் தானே அணைந்திருந்தது. கொம்பையா மணலில் இருந்து எழுந்து, ஒருத்தரையும் பார்க்காமல், ரேஷன் கார்டைப் பைக்குள் திரும்ப வைக்கத் தெரியாமல் கையில் பிடித்தபடி கடற்கரைப் பக்கம் நடந்தார்.

"பொய்க்காரி! ஊர் முன்னால பொய்யாடி வச்ச?" என்று கத்தினார் சிவனணைஞ்சான். "வேய் எபனேசர், குழவில என்னவே இருந்தது?"

"இசக்கின்னு இருந்தது" என்றார் எபனேசர். "தப்பாத்தான் படிச்சேன். இனிமே நான் படிக்க மாட்டேன், வேற ஆள் பாத்துக்கோங்க."

வேறு ஆள் கிடைக்கவில்லை. வாசிப்பு அந்தத் தெருவோடு நின்றுபோனது. இசக்கியின் பழைய ஊருக்குச் சேதி சொல்லி அனுப்ப வேண்டும் என்று தலைவர் மறுநாள் கமிட்டியைக் கூட்டியபோது, சண்முகக்கனி மதினி இருபது பெண்களோடு போய் நின்றாள். "சொல்லி அனுப்பணும்னா சொல்லி அனுப்புங்க. அவ மாமன் வந்து எறங்குத பஸ்ல நாங்க ஏத்தி அனுப்புவோம், ஒரு காதோட" என்றாள். சேதி போகவில்லை. வேலை போயிற்று. இசக்கியே மேலதிகாரிக்கு எழுதிப் போட்டாள். விசாரணைக்கு வரச்சொல்லி மூன்று தேதிகள் வந்தன, மூன்றுக்கும் போனாள். பால்வாடிச் சாவியைக் கொடுத்த அன்று மட்டும் அழுதாள்.

தவசிமுத்து ஐந்து நாள் லாரியிலேயே படுத்தான். ஆறாம் நாள் மத்தியானம் வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தான். அவள் போட்டதைத் தின்றான்.

"பதினாறு வருஷத்துல ஒன் பேரை நான் ஒரு தடவகூடச் சொன்னதில்ல. ஏட்டின்னே கூப்பிட்டுட்டேன்" என்றான். "இப்பம் எப்படிக் கூப்பிடணும்?"

"ஏட்டின்னே கூப்பிடுங்க."

"இல்ல, அது பத்தாது." தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான். "இசக்கி" என்று சொல்லிப் பார்த்தான், கல்லைக் கடித்தவன் மாதிரி. பிறகு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான். அவள் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள். அந்தக் கோபம் அவனுக்கு ரொம்ப நாள் இருந்தது. இருந்தும் அவன் வீட்டில்தான் படுத்தான்.

கொம்பையா ஊரைவிட்டுப் போகவில்லை. எபனேசர் வீட்டில் தங்கி, தினமும் கடலோரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். எட்டாம் நாள் இசக்கியின் வாசலுக்கு வந்து, தங்கச்சிக்குக் காரியம் செய்ய வேண்டும், நீயும் வா என்று மட்டும் சொன்னார். கடற்கரையில், பதினெட்டு வருஷம் கழித்து, மரகதம் செத்தாள். ஐயர் பேர் கேட்டபோது இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். ஊர் கூப்பிடாமலே வந்து தள்ளி நின்றது. எள்ளும் தண்ணீரும் விட்ட பிறகு கொம்பையா தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவர், நாலடி போய், திரும்பி வந்து, பெட்டியை மணலில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"அவ என்னை மன்னிச்சிருப்பாளா?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள் இசக்கி. "ஒங்க பேர அவ சொன்னதே இல்ல. ஆனா தெனமும் பொழுது சாயுத நேரத்துல என்ன வேல இருந்தாலும் விட்டுட்டு வாசல்ல போயி நிப்பா. எதுக்குட்டின்னா, காத்து வாங்குதேன்னு சொல்லுவா. காத்தே இல்லாத சந்து அது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அலை ஒன்று பெட்டியின் அடி வரைக்கும் வந்து போனது.

"ஏழு வயசு வரைக்குந்தான் எனக்கு அவளைத் தெரியும்" என்றார். "மிச்சத்தைச் சொல்லு."

இசக்கி அவர் எதிரில் ஈரமணலில் உட்கார்ந்தாள். மரகதம் கணக்கில் புலி, பாட்டுப் பாடினால் சுத்த மோசம் என்றாள். மீன் தின்னமாட்டாள், ஆனால் மீன்குழம்பு மட்டும் வேண்டும் என்பாள் என்றாள். யாராவது திட்டினால் பதிலுக்குத் திட்டாமல் அன்றைக்கு அவர்கள் துணியையும் சேர்த்துத் துவைத்துப்போட்டு வெட்கப்படவைப்பாள் என்றாள். தள்ளி நின்ற ஜனம் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து உட்கார்ந்தது. கடைசியாகச் சிவனணைஞ்சானும் துண்டை உதறி விரித்து உட்கார்ந்தார். அத்தனை நாள் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்த ஊருக்கு அப்போதுதான் மரகதம் யார் என்று தெரிய ஆரம்பித்தது.

"சிரிப்பாளா?" என்று கேட்டார் கொம்பையா.

"சிரிப்பா. சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்."

"எங்கம்மாவுக்கும் அப்படித்தான்" என்றார் அவர். அப்புறம் அவர் தோளும் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கிட்டே இருந்தவர்களுக்குக்கூடத் தெரியவில்லை, சத்தமே வரவில்லை.